லேசரால் ஒற்றை மதுவ (ஈஸ்ட்) கலத்தைப் பிடித்து நிறுத்த

லேசரை விட, சிப்புக்குள் (கலங்கள் ஓடும் நுண் வாய்க்கால் கொண்ட சிறு தகடு) ஓடும் நீர்தான் கூடுதலாகப் படுத்தும். நீரை அடக்கிய பிறகு லேசரைப் போடுங்கள்.

சிப் செய்ய, பிடிஎம்எஸ் (ஒளி புகும் சிலிக்கோன் ரப்பர்) பசையையும் இறுக்கியையும் நிறையில் 10:1 ஆகக் கலந்து, வெற்றிடத்தில் குமிழி போக்கி, அச்சில் ஊற்றி 70 பாகை செல்சியசில் 2 மணிநேரம் வையுங்கள். வாய்க்கால் 200 மைக்குரோமீற்றர் அகலம், 50 உயரம், 2 சென்டிமீற்றர் நீளம். அடியில் 0.17 மில்லிமீற்றர் கவர் ஸ்லிப்பையே ஒட்டுங்கள். 1 மில்லிமீற்றர் வழுக்கியைத் தாண்டி நுணுக்குக்காட்டியின் 100 மடங்கு எண்ணெய் வில்லையின் குவியம் எட்டாது. பிளாஸ்மா (மின்னேறிய வாயு) காட்டி ஒட்டிய கையோடு நீரை நிரப்பினால் சுவர் தானே அதை உள்ளே இழுக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த கரைசலை அப்படியே விடக்கூடாது. மட்டக்களப்பு வெக்கையில் அது சூடேற, கரைந்திருந்த வளி வாய்க்காலுக்குள்ளேயே குமிழியாகும். அடுத்து 1% பிஎஸ்ஏ (மாட்டுக் குருதிப் புரதம்) கரைசல், 30 நிமிடம். இதைத் தவிர்த்தால் கலங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

சிரிஞ்சுப் பம்பி இல்லையென்று கவலைப்பட வேண்டாம், அது துடித்துத் துடித்துத்தான் தள்ளும். இரு முனையிலும் ஒரே அளவான, அகன்ற குப்பி வைத்து உயரத்தால் ஓட்டுங்கள். 30 பாகையில், இந்த வாய்க்காலில் 1 மில்லிமீற்றர் உயர வித்தியாசமே நீரைச் செக்கனுக்குச் சுமார் 100 மைக்குரோமீற்றர் ஓட்டும். 5 மைக்குரோமீற்றர் கலத்தை அது ஏறத்தாழ 4 பிக்கோநியூட்டனால் இழுக்கும். லேசர்ப் பொறி (கலத்தைப் பிடித்து வைக்கும் குவியம்) அதைத் தாங்கும். 1 சென்டிமீற்றர் வைத்தால் இழுவை பத்து மடங்கு, கலம் கைவிட்டுப் போய்விடும். குப்பிகளை மூடியே வையுங்கள், ஆவியாதலும் ஓட்டம்தான்.

பேக்கரி ஈஸ்ட்டைச் சீனிநீரில் ஊறவைத்து, திரையில் நாலைந்து கலம் மட்டும் தெரியும்வரை ஐதாக்குங்கள். 1064 நனோமீற்றர் லேசர், கலத்தை எட்டும்போது 20 முதல் 50 மில்லிவற்று. கதிர் கண்ணுக்குத் தெரியாது: உரிய பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, பார்வைவில்லையை மூடி, கமராவில் மட்டும் பாருங்கள். மேடையை மெல்ல நகர்த்திக் கலத்தின் மேல் குவியத்தைக் கொண்டுவந்ததும் அது உள்ளே துள்ளி நிற்கும்.

நிற்காமல் கதிரின் திசையிலேயே தள்ளுப்பட்டுப் போனால், கதிர் வில்லையின் பின்துவாரத்தை (லேசர் நுழையும் பின்பக்க வாய்) நிரப்பவில்லை, கதிரை விரித்துவிடுங்கள். கண்ணாடியிலிருந்து 20 மைக்குரோமீற்றருக்கு மேல் போனாலும் பிடி தளரும். படம் திடீரென மங்கினால் இரண்டாவது கலமும் ஏறிவிட்டது, லேசரை மறைத்து விட்டுவிட்டுத் திரும்பப் பிடியுங்கள். மாரியில் வில்லைகளைச் சிலிக்கா ஜெல்லோடு பூட்டிவையுங்கள், பூஞ்சணம் பிடித்த வில்லையால் குவியம் கலங்கும்.