சேலம் பக்கம் ரயில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய். இரண்டு மணி நேரம் செல்லும். அதற்கு மேல் நிற்பதென்றால் இன்னொன்று எடுத்தாக வேண்டும். ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இதை, இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுப் போன நான் மறந்துவிட்டேன். அதனால் எழுபத்தொன்பது வயதான என் சித்தப்பா ஒரு காவலரின் மேசை முன்னால் நின்று கையெழுத்துப் போட வேண்டியதாகிவிட்டது. எந்த லென்ஸ், பயணத்துக்கு எந்த மாத்திரை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை நான் சொல்ல வரவில்லை. எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

நான் இருப்பது இங்கிலாந்தில், டெர்பியில். அங்கே பிளாட்பாரக் கோடியில் கேமராவும் நோட்டுமாக ஆட்கள் நிற்பது தினமும் பார்க்கிற காட்சி. ஊழியர்களே வந்து அடுத்து என்ன இன்ஜின் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பழக்கத்தோடு சேலத்தில் இறங்காதீர்கள். செல்போனில் எடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முழங்கை நீள லென்ஸைப் பையிலிருந்து எடுத்தீர்களானால் அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் வேறு ஆள். டிரோன் பக்கமே போக வேண்டாம். 2022 பிப்ரவரியிலிருந்து டிரோன் இறக்குமதிக்கே தடை இருக்கிறது, விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். சேலம் ஜங்ஷன் இருப்பது ஊர் நடுவில் இல்லை, சூரமங்கலத்தில். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, ஈரோடு வழியாகக் கோவைக்கும் கேரளத்துக்கும் போகிற பெரிய பாதை, ஓமலூர் வழியாக தர்மபுரி, ஓசூர், பெங்களூர், ஆத்தூர் வழியாக விருத்தாசலம், நாமக்கல் வழியாகக் கரூர் என்று நான்கு திசைக்கும் பாதை பிரிகிற இடம். நான் ஊரை விட்டுப் போனபோது நாமக்கல்லுக்கு ரயிலே கிடையாது, 2013இல்தான் வந்தது. ஆத்தூர்ப் பாதை மீட்டர்கேஜாக, அதாவது அகலம் குறைந்த பாதையாக இருந்தது. சேலம் கோட்டம் என்று ஒரு ரயில்வே நிர்வாகப் பிரிவு உருவானதே 2007 நவம்பர் 1ஆம் தேதிதான், அதுவரை ஜங்ஷன் பாலக்காட்டுக் கோட்டத்தைச் சேர்ந்தது. இவ்வளவும் நான் இல்லாதபோது நடந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் சித்தப்பா போனில் சொன்னார், நானும் "அப்படிங்களா சித்தப்பா" என்று கேட்டுக்கொண்டேன்.

படத்துக்கு நல்ல இடம் எதுவென்று கேட்டால் பொம்மிடிக்கும் சேலத்துக்கும் நடுவில் லோக்கூர், டேனிஷ்பேட்டைப் பக்கம் என்பேன். பாதை சேர்வராயன் மலையின் மேற்குச் சரிவை ஒட்டி வளைந்து வளைந்து வருகிறது. மலை பாதைக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் அந்த இடம் நிழலில் கிடக்கும். எல்லோரும் விடியற்காலையில் ஓடுவார்கள், நீங்கள் மதியத்துக்குப் பிறகு போங்கள். மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் வண்டி மேலும் மலை மேலும் ஒன்றாக விழும். மழை ஓய்ந்த மார்கழி, தையில் மலையின் மடிப்புகூடத் தனித்தனியாகத் தெரியும். சித்திரை, வைகாசியில் போனால் ஒரே வெளிறல்.

ஜங்ஷனுக்கு அடுத்த மேக்னசைட் ஸ்டேஷனும் எனக்குப் பிடித்த இடம். வெள்ளைக்கல் தோண்டிக் குவித்த மேடுகள் பின்னால் நிற்க, மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிய வண்டி வேக்-9 என்கிற சரக்கு வண்டி மின்சார இன்ஜினோடு போகும்போது கறுப்பும் வெள்ளையும் ஒரே சட்டத்தில் அமையும். பயணிகள் வண்டிகளில் இப்போது பெரும்பாலும் வாப்-7 மின்சார இன்ஜின்தான். ஈரோடு இன்ஜின் ஷெட்டின் பழைய வாப்-4 கண்ணில் பட்டால் விடாதீர்கள், அது வருகிற வண்டிகள் குறைந்துகொண்டே போகின்றன. எங்கும் மின்கம்பம் வந்துவிட்டதால் கம்பம் இன்ஜின் முகத்தை வெட்டாத இடமாக நின்று பழக வேண்டும். மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட். நடைமேம்பாலத்தில் நின்று செல்ஃபிக் குச்சியையோ குடையையோ தூக்காதீர்கள். தொட வேண்டியதே இல்லை, நெருங்கினாலே பாயும்.

ரயில் படம் எடுக்க வந்தேன் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் "அப்ப ஊட்டி ரயிலை எடு" என்பார்கள். யுனெஸ்கோ பட்டியலில் 2005இல் சேர்ந்த வண்டி, அதுவும் சேலம் கோட்டத்து வண்டிதான், கட்டாயம் எடுங்கள். ஆனால் அதற்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்க வேண்டும், சேலத்தில் இருந்துகொண்டே பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது. பெயரில் மட்டும் ஒரு ஏற்காடு எக்ஸ்பிரஸ் உண்டு, அது சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே ராத்திரியில் ஓடுகிறது.

இனி அந்தக் காலைப் பொழுது. ஸ்டேஷன் பெயர் வேண்டாம், சேலத்தைச் சுற்றியுள்ள ஒரு சின்ன ஸ்டேஷன்.

முந்தின ராத்திரி சாப்பிடும்போது சித்தப்பா கேட்டார்: "நாளைக்கு எங்க கண்ணு போற? நானும் வரட்டுமா?" கூடப் படித்த சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரைக் கூட்டிப்போனால் நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க முடியாது, டீ குடிக்கலாமா, கால் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகச் சொன்ன பொய் அது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் உள்ளபடி சொல்லிவிட்டுப் போங்கள்.

காலை 5.45க்கு டிக்கெட் எடுத்தேன். மஞ்சு விலகி வெயில் வந்து, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நேரம் போனதே தெரியவில்லை. கம்பம் மறைக்கிறதே என்று பிளாட்பாரம் சரிந்து மண்ணைத் தொடுகிற இடத்தைத் தாண்டிப் பத்தடி போய் நின்றிருந்தேன். 9.20க்குப் பின்னாலிருந்து "மேடம், இங்க வாங்க" என்று ஒரு காவலரின் குரல் கேட்டது.

டிக்கெட் காலாவதியாகி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நின்ற இடமும் நிற்கக் கூடாத இடம். தவறு என் பக்கம்தான். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147: அனுமதி இல்லாமல் ரயில்வே இடத்தில் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் கூட்டிப்போன அறையின் சுவரில் ஒட்டியிருந்ததை அன்றைக்கு எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

"எதுக்கு மேடம் ரயிலைப் படம் எடுக்கறீங்க?"

"பிடிக்குங்க."

"பிடிக்கும்னு எழுத முடியாதுங்க. காரணம் சொல்லுங்க."

பழுப்புத் தாளில் அச்சடித்த படிவம். பெயர், தகப்பனார் பெயர், தேசியம், நிரந்தர முகவரி, வந்த காரியம். தகப்பனார் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று சேர்க்கவா என்று கேட்டார், சேர்க்கச் சொன்னேன். தேசியம் என்ற இடத்தில் அவர் பேனா நின்றது. "நீங்க இந்தியாவா, வெளிநாடா?" பிரிட்டிஷ் பாஸ்போர்ட், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை, பிறந்தது சேலம் என்று மூன்று வரியில் பதில் சொன்னேன். அவருக்கு வேண்டியது ஒரு சொல். நிரந்தர முகவரிக்கு டெர்பி வீட்டு எண்ணைச் சொல்ல வாயெடுத்து, சித்தப்பா வீட்டு முகவரியைச் சொன்னேன். அந்த முகவரி எனக்குத் தடுமாறாமல் வந்தது.

அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் இல்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று சித்தி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். போனில் இருந்த நகல் போதாது, மூலம் வேண்டும், வீட்டிலிருந்து ஆம்பளை யாராவது கொண்டுவரட்டும் என்றார்கள். நாற்பத்தேழு வயதுப் பெண் தனக்காகத் தானே கையெழுத்துப் போட முடியாதா என்று எனக்குக் கோபம் பொங்கியது. தனியாகப் போகிற பெண்கள் இதற்கும் தயாராகப் போங்கள். கோபம் அங்கே ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்காது. மூலங்களைக் கையில் வைத்திருந்தால் பாதி நேரம் மிச்சம்.

போன் போட்டேன். சித்தி கோயிலுக்குப் போயிருந்தார், சாவி அவர் இடுப்பில். அவர் வந்து, பீரோ திறந்து, சித்தப்பா இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை. மேல்பாக்கெட்டில் கண்ணாடி உறைக்குள் ஓய்வூதியர் அட்டை. மத்தியான மாத்திரையைப் போடாமலே வந்திருக்கிறார்.

ஆத்தூர்ப் பாதையில் அயோத்தியாப்பட்டணம் பக்கம் முப்பத்தொரு வருடம் கேட்மேனாக இருந்தவர் அவர். பள்ளி விடுமுறை முழுக்க நான் அந்தக் கேட் ரூமில்தான் கிடப்பேன். சுருட்டி வைத்த பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, மண்ணெண்ணெய் ஊற்றுகிற கை விளக்கு, ஆபத்தென்றால் வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கிற வெடியான டெட்டனேட்டர் டப்பா, தொடக் கூடாது என்று மேலே வைத்திருக்கும். கைப்பிடியைச் சுற்றுகிற போனில் ஸ்டேஷன் மாஸ்டர் பிரைவேட் நம்பர் (பேசியதை உறுதிசெய்கிற ரகசிய எண்) சொல்வார், சித்தப்பா தாளைப் பார்த்துத் தன் நம்பரைச் சொல்லி நோட்டில் ஏற்றுவார். பிறகு கேட்டைச் சாத்துவார். ஒய்பி என்கிற நீராவி இன்ஜின் வருவது முதலில் தண்டவாளத்தில் கேட்கும், பிறகுதான் காற்றில். இன்றைக்கு நான் ரயில் பின்னால் அலைவது அங்கே தொடங்கியது.

அவரை உட்காரச் சொன்னார்கள். "இருக்கட்டும் சார், நிக்கறேன்" என்றார். பேரன் வயதுப் பையனைப் பார்த்து, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு, 'சார்'. முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் முன்னால் அப்படித்தான் நின்றிருப்பார். காரணம் எழுதாமல் காலியாக விட்டிருந்த இடத்தைக் காட்டி அந்தக் காவலர் அவரையே கேட்டார். சித்தப்பா சொன்னார்: "எங்க கேட்ல வளந்த புள்ளைங்க சார்." அவர் எழுதிக்கொண்டார். 'மேற்படி நபர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரின் குடும்பத்தைச் சேர்ந்தவர்.' அதற்குக் கீழே சித்தப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. பேனா கொஞ்சம் நடுங்கியது.

அபராதம் கட்டினேன். அன்றைய படங்கள் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். பனிக்குள்ளிருந்து நிலக்கரி வண்டி வந்த படத்தில் மட்டும் அந்தக் காவலர் கையமர்த்தி, கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா வந்திருக்குங்க மேடம்" என்றார். அதையும் அழித்தேன். நடுவில் அவர்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும், ஒருவரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது சித்தப்பா சிநேகிதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீடு வருகிற சமயத்தில், "பிளாட்பார டிக்கெட்டு ரெண்டு மணி நேரந்தான்னு நான் உனக்குச் சொல்லித் தரலியா கண்ணு?" என்றார். சொல்லித் தந்திருக்கிறார்.

ஆகவே, முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கோட்ட அலுவலகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவுக்குப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவே எழுதுங்கள். எந்தெந்தத் தேதி, எந்தெந்த ஸ்டேஷன், என்ன கேமரா, சொந்த விருப்பத்துக்காக, விற்பனைக்கு அல்ல என்று தெளிவாக இருக்கட்டும். பாஸ்போர்ட், ஓசிஐ நகல்களை இணையுங்கள். கடிதம் கிடைத்தாலும் ஸ்டேஷனில் இறங்கியதும் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்க் காட்டிவிட்டுப் பிறகு கேமராவை எடுங்கள். கடிதம் இருந்தாலும் பிளாட்பார டிக்கெட் எடுங்கள். பிளாட்பாரச் சரிவைத் தாண்டாதீர்கள், கம்பம் மறைத்தால் மறைக்கட்டும்.

மறுநாள் சித்தப்பா என்னை அவருடைய கேட்டுக்குக் கூட்டிப்போனார். மூன்று வருடமாகப் போனில் "ஒருதடவ வந்து பாத்துட்டுப் போ கண்ணு" என்று கேட்டுக்கொண்டிருந்த இடம். கேட் இல்லை, ரூமும் இல்லை. பாதைக்கு அடியில் சப்வே வந்துவிட்டது, போன மழைத் தண்ணீர் இன்னும் கணுக்கால் அளவுக்குத் தேங்கிக் கிடந்தது. வேப்ப மரம் மட்டும் இருந்தது. கேட்டை ஏற்றி இறக்குகிற சக்கரம் இருந்த இடத்தைச் செருப்புக் காலால் மண்ணில் கோடு இழுத்துக் காட்டினார். ரோட்டு ஓரத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். வாழப்பாடித் திசையிலிருந்து வண்டி வந்தது. நான் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. சித்தப்பா வாட்சைப் பார்த்து, "ஒம்பது நிமிஷம் லேட்டு" என்றார்.

அடுத்த பயணம் வைகாசியில், வேறு விடுப்பு கிடைக்கவில்லை. விண்ணப்பம் போன வாரம் அனுப்பினேன். அதில் இரண்டு பேர் பெயர். அவர் பெயருக்கு எதிரே பதவி என்று என்ன போடுவது என்று போனில் கேட்டபோது, 'கேட்மேன், ஓய்வு' என்று போடச் சொன்னார். தேதியைச் சீக்கிரம் சொல்லு, அதற்கு முன்னாலேயே கண் ஆபரேஷனை முடித்துவிடுகிறேன் என்றார்.