திறந்த ஹாலில் பேச்சுக்கு ஒரு மறைவு

பெண்களுக்குச் சட்ட ஆலோசனை தரும் சிறிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. வாடகை கட்டுப்படியாகாமல் மதுரை சிம்மக்கல்லில் இருந்து செல்லூரில் ஒரு மாடி ஹாலுக்கு மாறினோம். தடுப்பே கிடையாது. டைல்ஸ் தரை, வெறும் சிமென்ட் சுவர். ஒரு மூலையில் பேசினால் மறுமூலையில் கணீரென்று கேட்கும். வீட்டுப் பிரச்சினையைச் சொல்ல வந்த அக்கா ஒருவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் வர்றேன்மா" என்று கிளம்பிவிட்டார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

கண்ணாடி அறை போடக் கையில் காசு இல்லை. இருந்த ஸ்டீல் பீரோக்களை, உள்ளே ஃபைல்களோடு, வரிசையாக நிறுத்தி ஒரு மூலையை மறித்தோம். கனமான பீரோ குரலை ஓரளவு தடுக்கும். ஆனால் தகரம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். அதனால் அதன் முதுகில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைக் கட்டினோம். அப்புறம் விளக்குத்தூண் பக்கம் தடித்த திரைத்துணி வாங்கி, சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டோம். இந்த இடைவெளிதான் முக்கியம். துணிக்குப் பின்னால் காற்று இருந்தால் எதிரொலி இன்னும் நன்றாக அடங்கும். மடிப்பும் தாராளமாக விழ வேண்டும். சுவர் அகலத்தைப் போல 2 மடங்கு துணி எடுங்கள். தரைக்குத் தென்னைநார் விரிப்பு போதும்.

மேலே திறந்திருப்பதால் பேச்சு கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதற்குத் தடுப்புக்கு வெளியே ஒரு டேபிள் ஃபேனை ஓடவிடுகிறோம். அந்த இரைச்சலில் வார்த்தைகள் பிரிந்து கேட்காது. பீரோக்களை ஒன்றோடொன்று போல்ட் போட்டு முடுக்கி, கடைசி பீரோவைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள், சாயாது.