புது ரெக்ரூட்டுக்கு ட்ரில் சொல்லிக்குடுக்கும்போது செய்யவே கூடாத தப்புகள்

ஒரு ஸ்க்வாட் கோணலா மார்ச் பண்ணுச்சுன்னா எல்லாரும் முதல்ல திட்டுறது அந்த ரெக்ரூட் பசங்களத்தான், ஆனா கொஞ்ச நேரம் ஓரமா நின்னு பாருங்க, முக்கால்வாசி தப்பு சொல்லிக்குடுக்குறவர்கிட்ட இருந்துதான் கிளம்பி வருது. கமாண்ட் ஒரு நேரம் ஒரு மாதிரி வருது, செஞ்சு காட்டாமலே செய்யச் சொல்றாரு, நிக்கவே சரியா வராதவன நடக்க வைக்கிறாரு. அதனால இத நான் ரெக்ரூட்டுக்கு எழுதல, புதுசா ஸ்க்வாட் கைக்கு வந்திருக்குற இன்ஸ்ட்ரக்டருக்கு எழுதுறேன்.

முதல் தப்பு, வாயால ட்ரில் சொல்லிக்குடுக்குறது. "இடது குதிகாலயும் வலது கால் விரல் பக்கத்தயும் வெச்சு 90 டிகிரி இடது பக்கம் திரும்பி அப்புறம் வலது முழங்கால மடக்கி பக்கத்துல கொண்டு வந்து"ன்னு பேசிக்கிட்டே போனா பாதியிலயே கேக்குறவன் மனசுல எல்லாம் குழம்பிடும். முதல்ல அந்த அசைவ முழுசா, பேசாம, நிஜ வேகத்துல ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. அப்புறம் நம்பர் போட்டு உடைங்க, ஒண்ணுன்னா திரும்புறது மட்டும், ரெண்டுன்னா பின் கால சேக்குறது மட்டும். ஒவ்வொண்ணையும் தனியா செய்ய வெச்சு சரி பாத்துட்டு கடைசியா சேத்து செய்யச் சொல்லுங்க. காட்டும்போது எப்பவும் அவங்க முகத்தப் பாத்தே நின்னு காட்டாதீங்க, உங்க வலது அவங்களுக்கு இடது பக்கம் தெரியும், வலது இடதே இன்னும் சரியா பதியாதவனுக்கு இது பெரிய தொல்லை. முதுகு காட்டி நின்னு ஒரு தடவ, பக்கவாட்டுல ஒரு தடவ காட்டுங்க. காலோட கோணம், முழங்கால் எவ்வளவு உயரம் வருதுங்கறதெல்லாம் பக்கவாட்டுலதான் தெரியும்.

அடுத்தது அட்டென்ஷன். இது சும்மா நிக்கிறதுதானேன்னு அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு மார்ச்சுக்கு ஓடுறவங்க நிறைய பேரு, ஆனா பின்னாடி வர்ற எல்லா அசைவும் இதுல இருந்துதான் தொடங்குது, இங்கயே வந்துதான் முடியுது. குதிகால் ரெண்டும் சேந்து, பாதம் எந்தக் கோணத்துல விரியணுமோ அந்தக் கோணத்துல விரிஞ்சு (சில ராணுவத்துல 30 டிகிரி, அமெரிக்காவுல 45), எடை ரெண்டு கால்லயும் சமமா, தோள் பின்னாடியும் கீழயும். தோள மேல தூக்கி மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவன் நெஞ்ச நிமித்தி நிக்கிற மாதிரி தெரியும், ஆனா அவன் கை வீச ஆரம்பிச்சதும் மொத்த உடம்பும் மரம் மாதிரி ஆடும். அத நிக்கும்போதே சரி பண்ணிடணும்.

இங்கயே சொல்லியாகணும், மயங்கி விழறது பத்தி. அசையாம ரொம்ப நேரம் நின்னா கால்ல ரத்தம் தேங்கும், நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிஞ்சு ரத்தத்த மேல தள்ளுது, நின்ன இடத்துலயே நிக்கும்போது அந்த வேலை நடக்காது, மூளைக்குப் போற ரத்தம் குறையுது, ஆள் விழுந்துடறான். வெயில், காலையில சாப்பிடாம வர்றது, தண்ணி குடிக்காதது எல்லாம் இத இன்னும் சீக்கிரமா வரவைக்கும். முழங்கால பின்பக்கமா இறுக்கிப் பூட்டி நிக்காதேன்னு சொல்லிக்குடுங்க, ஷூவுக்குள்ள விரல அசைக்கவும், வெளிய தெரியாம கெண்டைக்கால் சதைய இறுக்கி விடவும் பழக்குங்க. கண் இருட்டுது காது அடைக்குதுன்னு தோணுனா உடனே சொல்லணும், இல்லன்னா கீழ உக்காரணும்னு முதல் நாளே தெளிவா சொல்லிடுங்க, அப்படி உக்காந்தவன எல்லார் முன்னாடியும் வெச்சு அவமானப்படுத்தவே கூடாது. அடுத்தவன் பயந்து மறைப்பான், தாடை தரையில மோதுற மாதிரி விழுவான். விழுந்தவன தூக்கி நிறுத்தப் பாக்குறது இன்னொரு பெரிய தப்பு, படுக்க வெச்சு கால கொஞ்சம் உயர்த்தணும், பெரும்பாலும் சீக்கிரமே தெளிஞ்சிடும். தெளியலன்னா, விழும்போது தலை அடிபட்டிருந்தா, இல்ல வெயில்ல உடம்பு அனலா கொதிச்சு பேச்சு குழறுச்சுன்னா அது வேற விஷயம், உடனே டாக்டர்கிட்ட போயாகணும்.

இப்போ மார்ச்சுக்கு வருவோம். எல்லா ஸ்க்வாட்லயும் ஒருத்தனாவது இருப்பான், வலது கால் போகும்போது வலது கையே போகும். அவன் பொறந்ததுல இருந்து கை கால் மாத்தி மாத்தி சரியாத்தான் நடந்திருக்கான், யாரும் சொல்லிக்குடுக்கல, தானா வந்தது. நீங்க கைய பாரு கைய பாருன்னு கத்தினதும் அவன் தானா நடந்தத யோசிச்சு நடக்க ஆரம்பிக்கிறான், அங்கதான் குழப்பம். இன்னும் சத்தமா கத்தினா இன்னும் இறுகுவான், இத எத்தன பேரு வருஷக்கணக்கா செய்யுறாங்கன்னு நினைச்சா வருத்தமா இருக்கு. அவன தனியா கூப்பிடுங்க, கைய தளர விட்டு சாதாரணமா நடக்கச் சொல்லுங்க, கொஞ்ச தூரம் போனதும் கை தானா ஆடும், அந்த ஆட்டத்த மெதுவா பெருசாக்கச் சொல்லுங்க, அதுக்கப்புறம் முழங்கைய நேராக்கு, முஷ்டிய மூடுன்னு ஒண்ணு ஒண்ணா சேருங்க. மொத்த ஸ்க்வாட்டுக்குமே இந்த வரிசைதான் நல்லது, கை வீசாம கால் மட்டும் முதல்ல, ஸ்டெப் உக்காந்ததும் கை.

கமாண்ட் விஷயத்துல நடக்குற தப்பு வெளிய அவ்வளவா தெரியாது, ஆனா மொத்த பரேடயும் கெடுக்குறது அதுதான். கமாண்டுக்கு ரெண்டு பகுதி இருக்கு, என்ன வரப்போகுதுன்னு சொல்ற முதல் பகுதி, இப்போ செய்யுன்னு சொல்ற கடைசி வார்த்தை. முதல் பகுதிய இழுத்து தெளிவா சொல்லி, ஒரு இடைவெளி விட்டு, கடைசி வார்த்தைய வெட்டுன மாதிரி குடுக்கணும். ரெண்டயும் ஒட்டிச் சொன்னா கேட்டுப் புரியுறதுக்குள்ள செய்யவேண்டிய நேரம் போயிடும், பாதிப்பேர் முன்னாடி பாதிப்பேர் பின்னாடி அசைவாங்க. இடைவெளி ஒவ்வொரு தடவயும் ஒவ்வொரு அளவா இருந்தா இன்னும் மோசம், அவங்க ஊகிக்க ஆரம்பிப்பாங்க, ஊகிக்கிறவன் கண்டிப்பா முந்துவான், அப்புறம் ஏன்டா முந்துறன்னு அவனையே திட்டுறோம்.

நடந்துக்கிட்டு இருக்கும்போது குடுக்குற கமாண்டுல கடைசி வார்த்தை எந்தக் கால்ல விழணும்னு உங்க ட்ரில் புத்தகத்துல இருக்கும், அத நீங்க மனப்பாடமா வெச்சிருக்கணும். உதாரணத்துக்கு அமெரிக்க ராணுவத்துல வலது பக்கம் திரும்புற கமாண்டோட கடைசி வார்த்தை வலது கால் தரையில படும்போது வரணும், அப்போதான் அடுத்து வைக்கிற இடது கால் மேல திரும்ப முடியும். தப்பான கால்ல குடுத்தா கீழ்ப்படியுறவனே தடுமாறுவான், கமாண்ட காதுல வாங்காம பக்கத்துல இருக்குறவனப் பாத்து செய்யுறவன் தப்பிச்சுடுவான், அதாவது ஒழுங்கா கேக்குறவனுக்கு நீங்க தண்டனை குடுக்குறீங்க. தனியா நடந்துக்கிட்டே உங்க கால் படுறதுக்கு ஏத்த மாதிரி கமாண்ட் சொல்லிப் பழகுங்க. தொண்டையில இருந்து கத்தாதீங்க, ரெண்டு வாரத்துல குரல் கட்டிடும், வயித்துல இருந்து மூச்ச எடுத்து தள்ளணும், நிமிந்து ஸ்க்வாடோட பின் வரிசையப் பாத்து பேசணும்.

சத்தத்தோட வேகம் பத்தி நிறைய பேரு யோசிக்கிறதே இல்ல. பல ராணுவத்துல க்விக் மார்ச் நிமிஷத்துக்கு 120 ஸ்டெப், அதாவது ஒரு ஸ்டெப்புக்கு அரை செகண்ட் (எல்லா இடத்துலயும் இதே வேகம் இல்ல, பிரெஞ்சு ஃபாரின் லீஜியன் 88 ஸ்டெப்ல மெதுவா போவாங்க, பிரிட்டன்ல ரைபிள்ஸ் ரெஜிமெண்ட் 140ல பறப்பாங்க). சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். ட்ரம்முல இருந்து 34 மீட்டர் தள்ளி இருக்குறவனுக்கு அடி 0.1 செகண்ட் லேட்டா கேக்கும், 85 மீட்டர்ல கால் செகண்ட், அதாவது சரியா அரை ஸ்டெப் பின்னாடி. 170 மீட்டர்னா எதிர்க் கால்லயே போய்டும். அதனால நீளமான அணிவகுப்பு போகும்போது பின்னாடி இருக்குறவங்க ஸ்டெப் மாறுதுன்னா அவங்க கவனமில்லாம இருக்காங்கன்னு அர்த்தம் இல்ல, காதுல கேட்டதத்தான் செய்யுறாங்க. ட்ரம்ம நடுவுல வைங்க, முன்னாடி இருக்குறவனோட குதிகால் கண்ணுல படுற மாதிரி பாத்து ஸ்டெப் பிடிக்கச் சொல்லிக்குடுங்க. கத்துக்குற கட்டத்துல ஒண்ணு, ரெண்டு மூணு, ஒண்ணுன்னு சத்தமா எண்ண வைக்கிறது நல்ல பழக்கம்தான், ஆனா அதுலயே நின்னுடக் கூடாது, சத்தத்த கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், அப்புறம் மனசுக்குள்ள மட்டும். சத்தமா எண்ணும்போது ஒண்ணா இருந்த ஸ்க்வாட் எண்ணாம விட்டதும் உடையுதுன்னா டைமிங் இன்னும் உடம்புல இறங்கலன்னு அர்த்தம்.

அடுத்து சொல்றத தயவுசெஞ்சு சாதாரணமா எடுத்துக்காதீங்க, கால் எலும்பு சம்பந்தப்பட்டது. புதுசா வந்தவன் இத்தன நாள் இவ்வளவு நடந்திருக்க மாட்டான், இவ்வளவு ஓங்கி கால தரையில அடிச்சிருக்கவே மாட்டான். திடீர்னு தினமும் பல மணி நேரம் கான்கிரீட்ல அடிச்சா எலும்புல மெல்லிசா விரிசல் விழும். பாதத்து எலும்புல வர்றதுக்கு மார்ச் ஃப்ராக்சர்னே பேரு, 1855லயே பிரைட்ஹாப்ட்ங்கற பிரஷ்ய ராணுவ டாக்டர் சிப்பாய்ங்களுக்கு பாதம் வீங்கி வலிக்கிறத எழுதி வெச்சிருக்காரு, அது எலும்பு விரிசல்தான்னு எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிஞ்சுது. வலிக்குதுன்னு சொல்றவன சாக்கு சொல்றான்னு தள்ளி விட்டு திரும்ப அடிக்க வெச்சா அந்த விரிசல் முழு முறிவா மாறலாம். சத்தம் வரணும்னு குதிகாலால குத்த விடாதீங்க, முழங்கால பூட்டிக்கிட்டு அடிக்க விடாதீங்க, பாதம் முழுசா தட்டையா படணும், முழங்கால்ல லேசா தளர்வு இருக்கணும். எல்லாரும் ஒரே நொடியில வெச்சாலே சத்தம் தானா பெருசா கேக்கும். ஆரம்ப வாரங்கள்ல ஓங்கி அடிக்கிறத குறைச்சு, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

ஸ்டெப் நீளமும் இதே கதைதான். 30 இன்ச்னு புத்தகம் சொல்லுது, உயரமானவனுக்கு அது சுலபம், குட்டையா இருக்குறவங்க ஒவ்வொரு ஸ்டெப்பயும் எட்டி எட்டி வைக்கணும், அந்த இழுவை இடுப்பு எலும்புல போய் விழுது. பிரிட்டன் விமானப்படையில பயிற்சிக்கு வந்த பெண்கள் சிலருக்கு ஆண்களோட ஸ்டெப்புக்கு ஈடா மார்ச் பண்ணி இடுப்பு எலும்புல விரிசல் விழுந்து, 2013ல நஷ்ட ஈடு குடுத்த செய்தி வெளிய வந்துச்சு. நீளத்த ஸ்க்வாட்ல குட்டையானவங்களுக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கோங்க, உயரமானவன் குறைச்சு வைக்கிறது சுலபம், குட்டையானவங்க நீட்டி வைக்கிறதுதான் காயம். முன்னாடி நெட்டையான ஆள நிறுத்தி அவன் இஷ்டத்துக்கு நடக்க விட்டா பின்னாடி எல்லாம் ஓட்டமும் நடையுமா வரும், அதனால முன் வரிசைக்கு நிதானமானவங்களா பாத்து போடுங்க.

திருத்துற விதம் பத்தியும் சொல்லணும். "மோசம், திரும்ப செய்"ன்னா யாருக்கு என்ன மோசம்னு ஒருத்தனுக்கும் தெரியாது, சரியா செஞ்சவனும் மாத்திப் பாப்பான். நடு வரிசை, இடதுல இருந்து ரெண்டாவது ஆள், வலது கை தோள் உயரத்துக்கு வரலன்னு சொன்னா அவன் உடனே சரி பண்ணிடுவான், மத்தவங்க தொந்தரவு இல்லாம நிப்பாங்க. ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் போதும். ஒருத்தன் தப்புக்கு முப்பது பேர வெயில்ல நிறுத்தினா அந்த ஒருத்தனுக்கு ட்ரில் வராது, மத்தவங்க வெறுப்புதான் வரும். சரியா செஞ்சத சரின்னு சொல்லவும் மறக்காதீங்க, இப்ப செஞ்சதுதான் வேணுங்கற அடையாளம் அவன் உடம்புக்கு வேணும். டிரெஸ்ஸிங் எடுக்கும்போது, அதாவது பக்கத்து ஆளப் பாத்து வரிசைய நேராக்கும்போது, தலைய மட்டும் திருப்பணும், உடம்ப முன்னாடி சாய்ச்சு எட்டிப் பாக்க விடாதீங்க, ஒருத்தன் சாஞ்சா அவனுக்கு அடுத்தவன் இன்னும் சாய்வான், வரிசை வில்லு மாதிரி வளைஞ்சிடும்.

ரைஃபிள் ட்ரில்லுக்கு அவசரப்படாதீங்க. கால் இன்னும் யோசிச்சு நடக்குறவன் கையில மூணு நாலு கிலோ ஆயுதத்த குடுத்தா ரெண்டும் கெடும், தோள் ஒரு பக்கம் இறங்கும், கைவீச்சு ஒடுங்கும், பழையபடி ஒரே கை ஒரே கால் வந்து நிக்கும். கால் ட்ரில்ல எண்ணாம, பக்கத்துல பாக்காம, ஹால்ட்ல ஒரே சத்தமா நிக்கிறாங்களான்னு பாத்துட்டு அப்புறம் குடுங்க. குடுத்த பிறகும் ஒரே அசைவ மணிக்கணக்கா போட்டு வாங்காம அரை மணி நேரத்துக்கு ஒரு தடவ ஆயுதத்த கீழ வெக்கச் சொல்லி, தண்ணி குடிக்க வெச்சு, கொஞ்சம் வெறும் மார்ச் போட்டுட்டு திரும்ப எடுங்க, சோர்ந்த கையில பதியுற அசைவ அப்புறம் மாத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.