காட்டுப் பயண வாகனத்துக்குத் தண்ணீர்த் தாங்கி: செய்விக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலிருந்து வில்பத்து, குமணை, நக்கிள்ஸ் பக்கம் கெப் வண்டியிலோ ஜீப்பிலோ சென்று கூடாரமடித்துத் தங்குவோர், தமது வாகனத்துக்கென அளவெடுத்துத் தண்ணீர்த் தாங்கியொன்றைச் செய்விக்கப் போகும்போது, வெல்டிங் பாஸிடம் முதலில் கேட்பது ‘எத்தனை லீற்றர் பிடிக்கும்?’ என்பதைத்தான். ஆனால் தாங்கி எங்கே அமரப்போகிறது, அந்த இடத்தில் எவ்வளவு நிறையைச் சுமக்க வாகனத்தால் இயலும் என்ற இரண்டும் தீர்மானமான பிறகே கொள்ளளவைப் பற்றிப் பேச முடியும். பின்னர் தலைகாட்டும் கோளாறுகளிற் பல, இந்த வரிசை மாறியதால் தகடு வெட்டுவதற்கு முன்பே தாங்கிக்குள் புகுந்துவிட்டவை.

உதாரணமாக, 100 சென்றிமீற்றர் நீளமும் 50 சென்றிமீற்றர் அகலமும் 16 சென்றிமீற்றர் உயரமும் உள்ள ஒரு தாங்கியை எடுத்துக்கொள்வோம். அது 80 லீற்றர் பிடிக்கும். அந்தத் தண்ணீரின் நிறை 80 கிலோகிராம். ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் செய்தால் வெறுந்தாங்கியே, தண்ணீர் அலைமோதாதிருக்க உள்ளே வைக்கும் தடுப்புத் தகடுகளோடு ஏறத்தாழ 20 கிலோகிராம் வரும். இந்த 100 கிலோகிராமையும், அச்சிடைத் தூரம் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 3 மீற்றராக உள்ள ஒரு கெப் வண்டியின் பின் அச்சிலிருந்து ஒரு மீற்றர் பின்னால் வைத்தால், பின் அச்சின் மீதான சுமை 133 கிலோகிராமால் கூடும். முன் அச்சின் சுமை 33 கிலோகிராமால் குறையும். முன் சில்லுகள் இலேசாகி, செங்குத்தான ஏற்றத்தில் ஸ்டியரிங் சொல்வதைக் கேளாமற் போவதற்கு இது வழி செய்யும். கூரையில் ஏற்றினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, பக்கச் சரிவில் வண்டி புரளும் ஆபத்து கூடும். இரண்டு அச்சுகளுக்கும் இடையில், இயன்ற அளவு தாழ்வாக வைப்பதே சரி. பின் இருக்கைக்குக் கீழோ, சுமைத்தட்டின் முன்சுவரை ஒட்டியோ, செஸியின் (வாகனத்தின் அடிச்சட்டத்தின்) பக்கவாட்டிலோ பெரும்பாலும் இடம் அகப்படும். இருவர் மூன்று நாள் தங்குவதற்கு, குளியலைக் கணக்கில் எடுக்காவிட்டால், 60 லீற்றருக்கு மேல் தேவைப்படாது என்பது என் கருத்து. வருடத்தில் ஒருமுறை மட்டும் காட்டுக்குப் போகிறவர் மூன்று 20 லீற்றர் கேன்களைக் கட்டிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

தாங்கியை வாகனத்துக்கு அடியில் பொருத்துவோர், வண்டியைத் தூக்கியில் ஏற்றி, சில்லுகள் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் அளவெடுப்பதுண்டு. அந்நிலையில் பின் அச்சு கீழே இறங்கியிருப்பதால் இடம் தாராளமாகத் தெரியும். சுமையேற்றிய வண்டி பள்ளத்தில் விழும்போது அச்சு மேலே வரும் முழு உயரத்தையும், அதனோடு சேர்ந்து அசையும் பிரேக் குழாய்களையும், சைலன்சரின் வெப்பத்தையும் கணக்கிலெடுத்து, முதலில் கடதாசி மட்டையில் ஒரு மாதிரி செய்து வைத்துப் பார்ப்பதற்கு அரைநாள்தான் செல்லும். தகட்டை இரண்டாம் முறை வெட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே உண்மை: தொல்லை தருவது அரைவாசி வெறுமையான தாங்கிதான். பிரேக் பிடிக்கும்போது 40 கிலோகிராம் தண்ணீர் ஒருசேர முன்சுவரில் மோதினால் வண்டியின் சமநிலை குலைவதுடன், ஆயிரக்கணக்கான மோதல்களுக்குப் பின் வெல்டிங் மூட்டுகளிலும் வெடிப்பு விழும். ஆகவே ஏறத்தாழ 30 சென்றிமீற்றருக்கு ஒன்றாகத் தடுப்புத் தகடுகள் வேண்டும். தடுப்பை முழுச் சுவராக அடைத்துவிடுவதுதான் இதிலே நடக்கும் தவறு. கீழ் மூலைகளை வெட்டிவிட்டாற்றான் தண்ணீர் முழுவதும் வடியும். மேல் மூலைகளை வெட்டிவிட்டாற்றான் காற்று நகரும். ஒவ்வொரு அறைக்குள்ளும் கை செல்லக்கூடியதாக, 15 சென்றிமீற்றருக்குக் குறையாத திறப்பு மூடியை மேற்பக்கத்தில் எங்கே வைப்பது என்பதையும் தடுப்புகளைப் பொருத்துவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். மூடி இல்லாத தாங்கியைக் கழுவ வழியில்லை.

தடுப்புத் தகட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நிரப்பும் குழாய் தாங்கியின் மேற்பரப்பிலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்குச் சென்று, அதுவும் வாய்வரை நிரம்பினால், மேற்தகட்டின் மீது சதுர மீற்றருக்கு ஒரு தொன் என்ற அளவில் அழுத்தம் ஏற்படும். நமது தாங்கியின் மேற்தகடு அரைச் சதுர மீற்றர். ஆகவே 500 கிலோகிராம் விசை அதை உள்ளிருந்து மேல்நோக்கித் தள்ளும். நடுவில் தாங்கல் இல்லாத தட்டைத் தகடு இதற்கு ஈடுகொடுக்காமல் உப்பும். தடுப்புகளை மேலும் கீழும் பற்றவைத்தால் அவையே தகட்டை இழுத்துப் பிடிக்கும். காற்றுக் குழாயை மெல்லியதாக வைப்பதும், வைக்காமலே விடுவதும் இதே காரணத்தால் ஆபத்தானவை. வீட்டுக் குழாயின் வேகத்தில் தண்ணீர் உள்ளே வரும்போது காற்று வெளியேற வழி வேண்டும். 12 வோல்ற் பம்பி உறிஞ்சும்போது காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். காற்றுக் குழாயின் வாயை நிரப்பும் வாயைவிட உயரத்தில் கீழ்நோக்கி வளைத்து, நுண்ணிய வலையால் மூடிவிட வேண்டும்.

மூலப்பொருள் விடயத்தில் ‘ஸ்டெயின்லெஸ் என்றால் துருப்பிடிக்காது’ என்ற நம்பிக்கைதான் அதிகம் கெடுதல் செய்கிறது. சாதாரணமாகக் கிடைக்கும் 304 வகையைத் தண்ணீரிலுள்ள குளோரைட்டு அரித்துச் சிறு துளைகளை உண்டாக்கும். மன்னார், புத்தளம் கரையோரத்துச் சவர் கிணறுகளில் நிரப்புவோருக்கு இது நிச்சயம் பொருந்தும். 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்த 316 வகை நன்றாகத் தாக்குப்பிடிக்கும்; விலை கூடினாலும் தாங்கியைப் பொறுத்தவரை அதையே வாங்குவேன். ஆனால் வெல்டிங் செய்த இடத்தின் நீல, கபில நிறத்தை அமிலப் பசையால் நீக்காமலும், வெல்டிங் செய்யும்போது மூட்டின் மறுபக்கத்தில் காற்றுப் படாதிருக்க ஆர்கன் வாயு கொடுக்காமலும் விட்டால், மூட்டோரமாகவே அரிப்புத் தொடங்கி, கொடுத்த விலை வீணாகும். அலுமினியம் இலேசானதுதான், அதிலே பித்தளைப் பொருத்தியை நேரே திருகினால் ஈரத்தில் இரண்டும் மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் கரையும். பழைய முறைப்படி றேடியேற்றர் திருத்துமிடத்தில் செய்விப்பது மலிவாக இருக்கலாம். அங்கே பாவிக்கும் பற்றாசில் ஈயம் இருக்கக்கூடுமாகையால் குடிதண்ணீருக்கு அது கூடவே கூடாது. பொலித்தீன், பொலிபுரொப்பிலீன் தகடுகளில் சிலிக்கனோ சாதாரண பசையோ ஒட்டாது, வெப்பத்தாலேயே இணைக்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக்கில் பாசி பிடிக்கும்.

பொருத்திகள் சிறியவையானாலும் ஒழுக்குகள் தொடங்குவது அங்கேதான். கொழும்பில் பழைய சோனகத் தெரு கடைகளில் வாங்கும் குழாய்ப் பொருத்திகள் பெரும்பாலும் பிரித்தானிய மரை கொண்டவை. இறக்குமதிப் பம்பிகள் சிலவற்றில் அமெரிக்க மரை இருக்கும். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைகளே உள்ளதால் ஒன்றில் ஒன்று ஏறிவிடும். மரைக்கோணம் ஒன்றில் 55 பாகையும் மற்றதில் 60 பாகையுமாக இருப்பதால் எவ்வளவு நாடா சுற்றினாலும் அதிர்வில் ஒழுகும். அடிப்பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் வால்வு, கல்லில் அடிபட்டால் ஒரு நொடியில் முழுத் தண்ணீரையும் இழக்கச் செய்யும். மேலிருந்து அடிவரை இறங்கும் உறிஞ்சு குழாய் பாதுகாப்பானது. வடிகால் அடைப்பை மட்டும் மிகத் தாழ்ந்த மூலையில், தகட்டோடு பதிந்தவாறு வைக்கலாம்.

தாங்கியின் நான்கு மூலைகளையும் செஸியோடு போல்ட் போட்டு இறுக்குவது உறுதியான வேலைபோலத் தோன்றும். கரடுமுரடான பாதையில் செஸி முறுகும். அந்த முறுக்கல் அப்படியே தாங்கிக்குக் கடத்தப்பட்டு மூலை மூட்டுகள் பிளக்கும். தாங்கியை ஒரு தொட்டிலில் இருத்தி, இடையில் மெத்தை கொடுத்து, பட்டிகளால் கட்டி, அந்தத் தொட்டிலை மூன்று புள்ளிகளில் மட்டும் செஸியில் பிடிப்பதே முறை.

ஒழுக்குப் பரிசோதனைக்கு கம்பிரசர் காற்றைப் பாவிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். ஒரு பார் அழுத்தமே நமது மேற்தகட்டில் ஐந்து தொன் விசையாகும். மூட்டு விட்டால் தகடு பறக்கும். தண்ணீர் நிரப்பி, ஒரு மீற்றர் உயரக் குழாயை நிமிர்த்தி அதையும் நிரப்பி, ஓரிரவு விட்டுப் பார்த்தால் போதும்.

முதற்பாவனைக்கு முன், வாசனை சேர்க்காத 5 சதவீத வீட்டு வெளிற்றியை (ப்ளீச்) லீற்றருக்கு ஒரு மில்லிலீற்றர் வீதம், அதாவது இந்தத் தாங்கிக்கு 80 மில்லிலீற்றர், நிரம்பிய தண்ணீரில் கலந்து நான்கு மணிநேரம் வைத்திருந்து, பின் இருமுறை அலசி வடிக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் தாங்கியில் இதை இரவு முழுவதும் விட்டுவைக்கக் கூடாது. பயணம் முடிந்து வந்ததும் மிச்சத் தண்ணீரை அடுத்த லீவு வரை தாங்கியிலேயே விடுவதும் தவறுதான். வலை கிழிந்த காற்றுக் குழாயுடன் கொழும்பில் நிறுத்தி வைத்த வண்டி நுளம்புக்கு நல்ல இடம். நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் என்பதால், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வாகனத்தின் அடியிலும் பார்க்கலாம். வடிகாலைத் திறந்து, திறப்பு மூடியையும் கழற்றி, உட்புறம் காய்ந்த பின்னரே மூடி வையுங்கள்.