கொடையாளருக்கு எழுதும் நன்றிக் கடிதம்

அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் கொடையாளர் தொடர்புப் பணியில் இருப்போர், வரிக்கான ரசீதையும் நன்றிக் கடிதத்தையும் ஒரே தாளில் முடித்துவிடக் கூடாது. 250 டாலரோ அதற்கு மேலோ ஒரே தவணையில் கொடுத்தவர் வரிச்சலுகை கோர, தொகையையும், ஈடாகப் பொருளோ சேவையோ வழங்கப்பட்டதா என்பதையும் குறிப்பிடும் எழுத்துச் சான்று சட்டப்படி தேவை. அது அலுவல் நடையிலேயே இருக்கட்டும். பெற்றோரின் நினைவாக உதவித்தொகை நிதி நிறுவியவருக்கு, அதைப் பெற்ற மாணவர் தாம் படிக்கும் பாடத்தையும் விடுதிக் கட்டணம் கட்ட முடிந்ததையும் பற்றித் தம் கைப்பட எழுதும் இரண்டு பத்திகள், பளபளப்பான ஆண்டறிக்கையைவிட மேலானவை என்பது என் கருத்து. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்பே, நினைவுகூர வேண்டியவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்கி, வளாகச் சிற்றாலயத் திருப்பலிக் கருத்துகளில், அதாவது வழிபாட்டில் யாருக்காக வேண்டப்படுகிறது என்ற குறிப்பில், சேர்த்து, அதைத் தெரிவித்தும் எழுதுங்கள். அந்தக் கடிதத்தோடு அடுத்த நன்கொடைக்கான உறையை மட்டும் வைக்காதீர்கள்.