காற்று நாளில் மரப்புறா வேட்டை: முதல் தடவை வயலுக்குப் போகிறவர்களுக்கு

காற்று பலமாக அடிக்கும் நாளில் யார் வயலுக்குப் போவார்கள் என்று தோன்றும். இங்கிலாந்தில் மரப்புறா சுடுகிறவர்கள் காத்திருப்பது அந்த நாளுக்குத்தான். காற்று இல்லாதபோது புறா உயரப் பறக்கும், ஒரு வெடிச் சத்தத்துக்கே வயல் காலியாகிவிடும். காற்று அடித்தால் வேலியோரமாகத் தாழப் பறக்கும், இறங்கும்போது எதிர்காற்றில் வேகம் குறையும். துப்பாக்கிச் சத்தமும் அவ்வளவாக எட்டாது.

முதலில் காகித வேலை. போலீஸ் தரும் ஷாட்கன் (சிறு ரவைகள் சிதறும் துப்பாக்கி) சான்றிதழ் (5 ஆண்டு செல்லும்), நிலத்துக்காரரின் அனுமதி இரண்டும் கையில் இருக்க வேண்டும். அதோடு ஜிஎல்42 என்ற பொது உரிமத்தை முழுக்கப் படியுங்கள். பயிருக்குப் பெரும் சேதம் வராமல் தடுக்கத்தான் அந்த உரிமம், பொழுதுபோக்குக்கு அல்ல. விரட்டிப் பார்ப்பது போன்ற மற்ற வழிகளுக்கும் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது பறவையை அடையாளம் காண்பது. இதில் அவசரம் கூடவே கூடாது. மரப்புறாவின் இறக்கையில் குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடும். வளர்ந்ததற்குக் கழுத்திலும் வெள்ளைத் திட்டு உண்டு, குஞ்சுக்கு அது இருக்காது. ஸ்டாக் டவ் என்ற சிறிய சாம்பல் புறாவும் அதே வயலுக்கு வரும். அதற்கு வெள்ளை எங்குமே கிடையாது, உரிமத்திலும் அதற்கு இடமில்லை. இறக்கைப் பட்டை தெரியவில்லையென்றால் சுடாதீர்கள்.

முந்தின நாளே போய் பைனாகுலரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். குளிர்காலத்தில் ரேப்சீட் (கடுகு இனத்து எண்ணெய்வித்துப் பயிர்) வயல், ஜூலையில் சாய்ந்து கிடக்கும் கோதுமை, அறுவடைக்குப் பின் தாள் நிற்கும் நிலம், இங்கெல்லாம் புறா மேயும். எந்த மரவரிசையை ஒட்டி வருகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

மறைப்பு (நீங்கள் ஒளிந்து உட்காரும் வலைத் தடுப்பு) போடுமுன் ஒரு பிடி காய்ந்த புல்லைத் தூக்கிப் போட்டுப் பாருங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து, கொஞ்சம் தோளோரமாக வரவேண்டும். புறா எதிர்காற்றில்தான் இறங்கும், அதனால் வயலிலிருந்து உங்களை நோக்கி வரும். வலையை வேலியோடு சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். படபடக்கும் ஒரு மூலை போதும், வந்த புறா அப்படியே திரும்பிவிடும்.

இனி பார்வைப்புறா, அதாவது உண்மைப் புறாவை ஏமாற்றி இறக்கும் பொம்மைப் புறா. நம் வேட்டைக்காரர்கள் 'பார்வை' வைக்கிற அதே வித்தைதான். பிளாஸ்டிக் புறாக்கள் 12 அல்லது 15 போதும். இரண்டு எட்டு நடைக்கு ஒன்றாகக் குதிரை லாட வடிவில் வையுங்கள். திறந்த வாய் காற்று போகும் திசையைப் பார்க்கட்டும், நடுவில் இறங்க இடம் விடுங்கள். அந்த இடம் மறைப்பிலிருந்து 20, 25 மீட்டரில் இருக்கட்டும். மென்காற்றில் தலைகள் கொஞ்சம் அங்குமிங்கும் திரும்பியிருக்கலாம். பலத்த காற்றில் எல்லாத் தலையும் காற்றைப் பார்த்தே இருக்க வேண்டும். உண்மைப் புறா முதுகில் காற்று வாங்கி நிற்காது, இறகு கலைந்துவிடும்.

12 போர் (குழல் அளவு) துப்பாக்கிக்கு 28 முதல் 32 கிராம், 6-ஆம் எண் ரவைத் தோட்டா சரியாக இருக்கும். இறக்கையை வளைத்து, வாலை விரித்து, காலைத் தொங்கவிட்டுப் புறா காற்றில் ஒரு கணம் தொங்கும். அப்போது எழுந்து சுடுங்கள். காற்றோடு குறுக்கே பாய்ந்து போவதைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். அதற்கு எவ்வளவு முன்னால் குறிபார்ப்பது என்பது பழகப் பழகத்தான் வரும். அரைகுறையாக அடிபட்டுப் போகும் பறவை பெரிய பாவம். 30 மீட்டருக்கு மேல் வேண்டாம்.

பின்னணியில் வானம் தெரிந்தால் மட்டுமே சுடுங்கள். காற்று இரைச்சலில் நடைபாதையில் வருகிறவர் பேச்சு காதில் விழாது, அதனால் ஒவ்வொரு தடவை எழும்போதும் சுற்றிலும் பாருங்கள். வேலி தாண்டும்போது துப்பாக்கி காலியாக இருக்கட்டும்.

விழுந்ததைக் காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கும், நினைத்த இடத்தைத் தாண்டித் தேடுங்கள். அடிபட்டதை உடனே முடித்துவிடுங்கள். காலித் தோட்டாக்களை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். வீட்டில் நெஞ்சுக் கறியை எடுக்கும்போது கழுத்தடியில் உள்ள தீனிப்பையையும் கீறிப் பாருங்கள்: ஈரம் காயாத ரேப்சீட் இலை உருண்டையாக அடைந்திருக்கும். அதை நிலத்துக்காரரிடம் காட்டுங்கள். அடுத்த முறை எந்த வயலுக்குப் போக வேண்டும் என்று அவரே சொல்வார்.