அடுப்படிக்கு கேஸ் லீக் அலாரம், நாமளே மாட்டிக்கலாம்

பாளையங்கோட்டையில எங்க அடுப்படியில எம்கியூ-6ங்கிற எல்பிஜி கேஸக் கண்டுபிடிக்க சென்சார்தான் வச்சிருக்கேன், உள்ள டின் ஆக்சைடு பொடிப்பொடித் துகளா பூசிருக்கும். சூடான துகள் மேல காத்துல உள்ள ஆக்சிஜன் ஒட்டி எலக்ட்ரானப் பிடிச்சு வச்சுக்கும், அதனால ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூடுதலா நிக்கும், எல்பிஜி வந்து அந்த ஆக்சிஜனோட வினைபட்டதும் எலக்ட்ரான் விடுபட்டு ரெசிஸ்டன்ஸ் சடார்னு எறங்கும், நாம அளக்கது அதைத்தான். துகள் நானோ அளவுக்கு சிறுசானா இன்னும் கூர்மையா காட்டும்.

மொதல்ல 5 வோல்ட் குடுத்து 24 மணி நேரத்துக்கு மேல சூடேற விடுங்க, அவசரப்பட்டா ரீடிங் ஆடிக்கிட்டே கெடக்கும். துகள சூடாக்க உள்ள இருக்க ஹீட்டருக்கே 150 மில்லிஆம்ப் கிட்ட வேணும். சென்சாரோட அனலாக் பின்ன ஆர்டுயினோ (புரோகிராம் போட்டு ஓட்டுற சின்ன போர்டு) ஏ0 பின்ல மாட்டுங்க, ரெசிஸ்டன்ஸ் எறங்கினா இங்க ரீடிங் ஏறும்; சுத்தமான காத்துல வார அளவ குறிச்சுக்கிட்டு அதுக்கு நல்லா மேல போனா பஸ்ஸர் அடிக்க மாதிரி வைங்க. எல்பிஜி காத்தை விட கனம், அதனால தரையிலருந்து ஒரு அடி உயரத்துல மாட்டணும். சிலிக்கோன் பசை பக்கத்துலயே வேண்டாம், அந்த ஆவி சென்சாரக் கெடுத்துரும். ஐப்பசி கார்த்திகை மழை ஈரத்துல ரீடிங் மாறும், அப்ப மறுபடி சரிபாருங்க.

அலாரம் அடிச்சா லைட் சுவிட்ச தொடாதீங்க, ரெகுலேட்டர மூடி சன்னலத் தொறங்க.

ஒண்ணு கெஞ்சிக் கேக்கேன், இத நம்பி செப்டிக் டேங்க்லயோ பாழுங்கெணத்துலயோ எறங்கிராதீங்க, ஆக்சிஜன் கொறஞ்ச எடத்துல இந்த சென்சார் சரியா வேலை செய்யாது.